சீருடைக்குள் இருந்த விஞ்ஞானி

ஆங்கிலேயர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டாடிவரும் அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. 'டொக்டர் ஹூ' என்பது அதன் பெயர். 1963 நவம்பர் 23ஆம் திகதி பிபிசியில் தொடங்கிய அத்தொடர், 1989இல் நின்றுபோய், 2005இல் மறுபடி உயிர்பெற்றது. காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒருவர். பழைய பொலிஸ் தொலைபேசிக் கூண்டின் தோற்றத்திலுள்ள ஓர் ஊர்தி. அவருடன் கூடவே பயணிக்கும் ஒரு துணைப் பாத்திரம். அடிப்படை இவ்வளவுதான்.

வன்னி அரசியலையும் மீள்குடியேற்றச் செய்திகளையும் தேடி இந்தப் பக்கத்துக்கு வரும் வாசகர்கள், இவருக்கு இன்று என்ன நேர்ந்தது என்று கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் ஒரு கதையிலிருந்து முள்ளியவளைக்கு வரும் வழி அதிக தூரமில்லை.

அறிபுனைக் கதைகளில் துணைப் பாத்திரம் என்பது வெறும் தோழமைக்காக வைக்கப்படுவதன்று. நம் சார்பில் கேள்வி கேட்பதும், நம் சார்பில் அஞ்சுவதும் அப்பாத்திரமே. தமிழில் இதற்கு நல்ல உதாரணம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய். நிலா என்ற சாதாரணப் பெண்ணுக்கு, எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஓர் அரசின் கீழ் கிடைத்த துணை அது. ஜீனோ இல்லாவிட்டால் நிலாவின் கதை வாசகனிடம் வந்து சேர்ந்திராது.

டொக்டர் ஹூவின் துணைப் பாத்திரங்களுள் எலிசபெத் ஷா என்பவர் 1970ஆம் ஆண்டில் நான்கு கதைகளில் மட்டுமே வந்தவர். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த விஞ்ஞானி. யூனிற் எனப்படும் இராணுவ அமைப்புக்கு அறிவியல் ஆலோசகராக அழைத்துவரப்படுகிறார். கரோலைன் ஜோன் என்ற நடிகை அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். வாய்பிளந்து கத்துவதற்காகவே பெண் பாத்திரங்கள் எழுதப்பட்ட காலத்தில், கேள்வி கேட்கும், ஐயுறும், ஆய்வுகூடத்தில் நின்று வேலை செய்யும் ஒரு பெண்ணாக அவர் படைக்கப்பட்டிருந்தார்.

அவரது கடைசிக் கதையின் பெயர் 'இன்ஃபேர்னோ'. டொன் ஹவுட்டன் எழுதியது. 1970 மே, ஜூன் மாதங்களில் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பானது. இலண்டனில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகள் வற்புறுத்தியதன் பேரில் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதிலுள்ள ஒரு பாத்திரம் என் மனதை விட்டு அகலவில்லை.

கதை இதுதான். பூமியின் மேலோட்டைத் துளைத்து, அடியிலுள்ள புதிய எரிவாயுவை எடுப்பதற்காக இங்கிலாந்தில் ஒரு துளையிடும் திட்டம் நடக்கிறது. திட்டத் தலைவர் எவருடைய எச்சரிக்கையையும் காதில் வாங்குவதில்லை. இதற்கிடையில், டொக்டர் தன் ஊர்தியின் இயக்கப் பலகையைப் பரீட்சித்துப் பார்க்கப் போய், இன்னோர் உலகத்துக்குள் வீசப்பட்டுவிடுகிறார். அது அதே இங்கிலாந்து; அதே துளையிடும் திட்டம்; அதே மனிதர்கள். ஆனால் அங்கே அரச குடும்பத்தைக் கொன்றுவிட்டு, சர்வாதிகாரக் குடியரசொன்று ஆட்சி செய்கிறது. நல்ல நண்பரான பிரிகேடியர் அங்கே ஒற்றைக் கண்ணில் கறுப்பு மறைப்புடன் கொடிய அதிகாரியாக நிற்கிறார். எலிசபெத் ஷாவோ ஆய்வுகூடத்து அங்கியைக் களைந்து, சீருடையணிந்து, துவக்குடன் நிற்கிறாள். அவளுடைய பதவிப் பெயர் 'பிரிவுத் தலைவர் ஷா'.

முகம் ஒன்று. பெயர் ஒன்று. பிறப்பு ஒன்று. உலகம் மட்டும் வேறு.

கவனிக்க வேண்டியது டொக்டர் அவளுடன் பேசும் விதம். தன்னைச் சிறைப்பிடித்து விசாரிக்கும் ஒருத்தியை அவர் ஒருபோதும் பகைவியாக நடத்துவதில்லை. இவள் வேறொருத்தி என்றும் கருதுவதில்லை. தான் அறிந்த விஞ்ஞானி இந்தச் சீருடைக்குள் எங்கோ இருக்கிறாள் என்ற நம்பிக்கையுடன், அந்த விஞ்ஞானியைப் பார்த்தே பேசுகிறார். அவளும் ஒரு காலத்தில் பௌதிகவியலின்பால் ஈர்க்கப்பட்டிருந்தவள் என்பது உரையாடலினூடே தெரியவருகிறது. கடைசியில் அந்த உலகம் எரிகுழம்பில் மூழ்கும் தறுவாயில், டொக்டராவது தன் உலகத்துக்குத் திரும்பி அதையேனும் காப்பாற்றட்டும் என்று வழி விடுபவள் அவளே. தடுத்த மேலதிகாரியைச் சுட்டு வீழ்த்துபவளும் அவளே. தனக்கு மீட்சி இல்லையெனத் தெரிந்தே அதைச் செய்கிறாள்.

இத்தகைய மாற்றுலகக் கதைகளை நாம் பெரும்பாலும் ஏக்கத்துக்காகவே வாசிக்கிறோம், பார்க்கிறோம். 'அப்படி நடந்திராவிட்டால் இப்படி இருந்திருப்போமே' என்ற பெருமூச்சு அது. ஈழத்தமிழர் வீடுகளில் இந்தப் பெருமூச்சு இல்லாத நாளில்லை. 1983 நடந்திராவிட்டால், 1987 நடந்திராவிட்டால், 2006இல் பேச்சுவார்த்தை முறிந்திராவிட்டால் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு மாற்றுலகம் இருக்கிறது. எனது எண்ணம் வேறு. மாற்றுலகக் கதை பெருமூச்சுக்கானதன்று, நியாயத்துக்கான அளவுகோல் என்பேன். மனிதரையும், மனிதருக்குச் சீருடை மாட்டிய உலகத்தையும் பிரித்துப் பார்க்க அது பழக்குகிறது. அந்தப் பழக்கம் உலகில் வேறெவரையும் விட இன்று நமக்குத் தேவையாக இருக்கிறது.

ஏனெனில் பிரிவுத் தலைவர் ஷாவைச் சந்திக்க நமக்கு ஊர்தி எதுவும் தேவையில்லை. முள்ளியவளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் கல்விக்குப் பெயர்பெற்ற ஊர் முள்ளியவளை. வித்தியானந்தா கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இந்த ஊரில் ஏராளம். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் மின்சாரமில்லாமல், மண்ணெண்ணெய் விளக்கில், பொருளாதாரத் தடைக்கு நடுவில் அவர்கள் படித்தார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது ஏ-9 பாதை திறந்தது, புத்தகங்கள் வந்தன, பிள்ளைகள் பொறியியலாளர், வைத்தியர் கனவுகளை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. கனவும் மூடியது.

அதே மாதம் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. பயிற்சி வகுப்பொன்றுக்காக அங்கே தங்கியிருந்த, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் மாணவிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அவர்கள் சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் பிள்ளைகள் என்றது யுனிசெப். இராணுவ முகாமுக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது அப்போதைய போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு.

நான் பத்திரிகையாளன். செய்தி எழுதுவதே தொழில். ஆயினும் அந்த வாரம் உலகப் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தை இன்று எண்ணிப் பார்க்கையில் ஒன்று உறைக்கிறது. இறந்த ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எந்த உலகத்தவள் என்பதே அங்கே வழக்காக இருந்தது. மாணவியா, படையாளா? அவள் மாணவி என்று நிறுவப்பட்டால்தான் அழலாம். படையாள் என்றால் அழ வேண்டியதில்லை என்பது அந்த விவாதத்தின் சொல்லாத விதி. ஒரே முகத்தின் இரண்டு வடிவங்களுள் ஒன்று மட்டுமே கண்ணீருக்குத் தகுதியானது என்ற விதி அது. 'இன்ஃபேர்னோ'வின் டொக்டர் ஏற்க மறுத்தது இதைத்தான்.

அடுத்து வந்தவை மேலும் கொடியவை. அரசாங்கப் படைகளின் முற்றுகை ஒருபுறம் இறுகியது. மறுபுறம் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். பின்னர் அந்தக் கணக்கும் மீறியது. ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை இரு தரப்பையும் பற்றிச் சொன்னது. கட்டாய ஆட்சேர்ப்பையும் சொன்னது. பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்து வைத்த தாய்மாரை வன்னி அறியும். ஆட்சேர்ப்பிலிருந்து தப்பவைப்பதற்காகப் பதினாறு, பதினேழு வயதில் அவசரத் தாலி கட்டப்பட்ட பிள்ளைகளையும் வன்னி அறியும். விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அதை மறைப்பதும் நேர்மையாகாது. குண்டில் அண்ணனை இழந்துவிட்டுத் தானாகப் போனவளும், பாடசாலை வழியில் பிடித்துச் செல்லப்பட்டவளும், தப்புவதற்காக மணமுடித்து முள்ளிவாய்க்காலில் விதவையானவளும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

அதே வகுப்பில் இன்னொருத்தியும் இருந்தாள். 2006க்கு முன்னரே பெற்றோர் எப்படியோ கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இலண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ போய்ச் சேர்ந்தவள். இன்று அவள் பொறியியலாளர், கணக்காளர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளே இங்கிருக்கும் தன் தோழியின் மாற்றுலக வடிவம். அவளிடம் விசேட வீரமோ விசேட அறிவோ இருந்ததால் அப்படி ஆகவில்லை. ஒரு பயணச்சீட்டு, ஒரு பாதை திறந்திருந்த மாதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே தொடரில் 2008இல் ஒளிபரப்பான ஒரு கதை இந்தச் சிறு வித்தியாசத்தையே பேசுகிறது. டொனா என்ற துணைப் பாத்திரம் ஒருநாள் காரில் போகும்போது சந்தியொன்றில் இடப்புறம் திரும்புவதற்குப் பதில் வலப்புறம் திரும்புகிறாள். அதனால் அவள் டொக்டரைச் சந்திக்காமலே போகிறாள். அவள் இல்லாததால் டொக்டர் இறந்துவிடுகிறார். இலண்டன் அழிகிறது. அவளுடைய குடும்பம் வடக்கே லீட்ஸ் நகரில், முன்பின் தெரியாத வேறு குடும்பங்களுடன் ஒரே வீட்டில் அடைக்கப்படுகிறது. பிறகு வெளிநாட்டவர்களைத் தனியே பிரித்து லொறிகளில் ஏற்றிப் போகிறார்கள். அந்த லொறிகள் எங்கே போகின்றன என்பது டொனாவின் பாட்டனாருக்குத் தெரிகிறது. ஆங்கிலேயர்களுக்கு அது அறிபுனைக் கதை. செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரே கூடாரத்துக்குள் மூன்று குடும்பமாக இருந்தவர்களுக்கு அதில் அறிவியலும் இல்லை, புனைவும் இல்லை. ஒளிபரப்பான மறு ஆண்டே அது இங்கே நடந்தது.

போர் முடிந்தபின் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் ஏறத்தாழ 12,000 பேர் சென்று வந்தார்கள். அவர்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். முகாம் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'முன்னாள் போராளி'. பதினேழு ஆண்டுகள் மாணவியாக, மகளாக இருந்தவள் இரண்டு ஆண்டுகளோ இருபது மாதங்களோ அணிந்த சீருடையால் ஆயுள் முழுவதும் அழைக்கப்படுகிறாள். 'முன்னாள் மாணவி' என்று அவளை யாரும் அழைப்பதில்லை.

பெயருடன் கூடவே உதவியும் வந்தது. என்ன உதவி? தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, மிஞ்சினால் ஓர் ஆடு. வன்னியில் போருக்குப் பிந்திய பல வருடங்கள் செய்தி சேகரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோழிக்கூடு கையளிக்கும் வைபவங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பயனாளிகளின் பட்டியலில் பெயர், வயது, குடும்ப அங்கத்தவர் தொகை, அங்கவீனம் என்ற நிரல்கள் எல்லாம் இருந்தன. 'என்ன படித்தாய்?' என்ற நிரலை நான் கண்டதேயில்லை. கோழி வளர்ப்பதில் இழிவு ஏதுமில்லை. கேட்காமல் விட்டதே இழிவு.

சில காலத்துக்கு முன்னர் நாற்பதை அண்மித்த ஒரு பெண்ணுடன் பேசினேன். ஊரையும் அடையாளத்தையும் சொல்லப்போவதில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருக்கையில் கொண்டுசெல்லப்பட்டவர். ஒரு காலில் எறிகணைத் துண்டு இன்னும் இருக்கிறது. தையல் வேலை செய்கிறார். மாலையில் அயலிலுள்ள பிள்ளைகளுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்துவந்தார். அவர் யார் என்று தெரிந்தபின் இரண்டு பெற்றோர் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். புலனாய்வுக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு.

"அவையளிலை பிழையில்லை அண்ணை," என்றார் அவர். "பயம் தானே. ஆனால் ஒண்டு. நவம்பரிலை வந்து எங்களைப் பற்றிப் பெரிசாப் பேசினவை, அந்த ரெண்டு பிள்ளையளையும் திருப்பி அனுப்பச் சொல்லி ஒருக்கால் கேக்கேல்லை."

இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை எந்த ஆசிரியத் தலையங்கமும் எழுதியதில்லை.

முள்ளியவளையில் மாவீரர் துயிலுமில்லம் இருந்தது. போருக்குப் பின் அது அழிக்கப்பட்டாலும் நவம்பர் 27இல் மக்கள் அங்கே கூடி விளக்கேற்றுகிறார்கள். இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றும் தாயின் உரிமையை மறுப்பவன் மனிதனல்லன். எனது கேள்வி மேடைக்காரர்களிடம். இறந்தவளுக்கு விளக்கு, உயிரோடு வந்தவளுக்கு என்ன? புலம்பெயர்ந்த நாடுகளின் மேடைகளில் அவள் வீராங்கனை. அரசின் கோப்பில் அவள் ஆபத்து. மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் சிக்கல். இந்த மூன்று உலகங்களிலும் அவள் சீருடையுடனேயே நிற்கிறாள். அதைக் கழற்ற எந்த உலகமும் இடம் தரவில்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு அது தெரியாத வித்தை அன்று. முள்ளியவளைக்கு அயலில், நந்திக்கடலோரம் இருக்கிறது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். கண்ணகியைப் போல் பல உலகங்களில் பல வடிவங்களில் வாழும் பாத்திரம் தமிழில் வேறில்லை. இளங்கோவின் கண்ணகி காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலத்து மகள். ஈழத்தில் வழங்கும் கண்ணகி வழக்குரையில் அவள் பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள். அதாவது தன்னைக் கைவிட்ட மதுரைக்கே திரும்பி வந்து எரித்தவள். சிங்கள மக்களிடையே அவள் பத்தினித் தெய்வம். கோவலன் அங்கே பாலங்க. கணநாத் ஒபயசேகர அந்த வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் ஒன்றே எழுதினார். கோவலன் கூத்து ஆடும் முல்லைத்தீவாருக்கு மாற்றுலகக் கதை என்பது ஆங்கிலேயரிடமிருந்து கற்க வேண்டிய புதுமையன்று.

வற்றாப்பளையின் ஐதிகத்தைப் பாருங்கள். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவள் நந்திக்கடல் கரையில் ஒரு மூதாட்டியாகத் தோன்றுகிறாள். மாடு மேய்க்கும் சிறுவர்களைக் கண்டு பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை, கடல் நீரை வார்த்து ஏற்றுங்கள் என்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தால் தலையெங்கும் கண்கள். பின்னர் மறைந்துவிடுகிறாள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்கிறார்கள்.

இந்தக் கதையில் எதைக் கவனிக்கிறோம்? கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தை. நான் அந்தச் சிறுவர்களைக் கவனிக்கச் சொல்கிறேன். நீ யார், எங்கிருந்து வருகிறாய், எந்த ஊரை எரித்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. பசிக்கிறதா என்பதே அவர்கள் அறிந்த கேள்வி. சோறு கொடுத்தார்கள். தலையில் கைவைத்துப் பேன் பார்த்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் மட்டுமே நடக்கும் காரியம் அது. மதுரையில் தீயாக நின்றவள் இங்கே பாட்டியானாள். அவள் மாறியதற்குக் காரணம் அவளல்ல. அவளை ஏற்ற இடம்.

அந்த நந்திக்கடல் கரையிலேயே 2009 மே மாதத்தில் நம் போர் முடிந்தது. அக்கரையைக் கடந்து வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் இன்று அந்தக் கோயிலுக்கும் போய் வருகிறார்கள். தெய்வத்துக்கு நாம் செய்ததை அவர்களுக்குச் செய்தோமா?

எதிர்வாதம் ஒன்று எழும். உலகம்தான் மனிதரை ஆக்குகிறது என்றால் எவர் செய்த எதற்கும் எவரும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? ஆகாது. மாற்றுலகத்து ஷாவுக்குச் சீருடை மாட்டியது அவளுடைய உலகம். ஆனால் இறுதியில் டொக்டருக்கு வழிவிட்டது அவளுடைய முடிவு. கட்டளையிட்டவர்கள் அரச தரப்பிலானாலும் புலிகள் தரப்பிலானாலும் வரலாற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளைப் பிடித்துப் போனவர்களும், பிள்ளைகள்மீது குண்டு வீசியவர்களும் அதில் அடங்குவர். கட்டளைக்குள் அகப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதே கணக்கை நீட்டுவது நியாயமன்று. பொறுப்பின் பாரம் அதிகாரத்தின் அளவுக்கே இருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு சொல். இக்கதையைப் படித்துக் குற்ற உணர்ச்சியில் மூழ்க வேண்டாம். அதனால் இங்கே ஒருவருக்கும் ஒரு வேளைச் சோறு இல்லை. 'நான் அங்கே இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பேன்' என்ற வீறாப்பும் வேண்டாம். என்ன செய்திருப்பீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் அங்கே நிற்பது சந்தியொன்றில் திரும்பிய திசையால் என்பதை ஒப்புக்கொள்வது போதும். ஒப்புக்கொண்டால் அடுத்தது தானாகத் தெரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய திட்டங்கள் இல்லை. சிறிய காரியங்கள் சில உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாடுகளில் பணம் சேர்த்துப் பாடசாலைகளுக்கு மண்டபங்களும் வாயிற் கோபுரங்களும் கட்டித் தருகின்றன. நல்லது. உயர்தரப் பரீட்சையைப் பாதியில் விட்ட தங்கள் சக மாணவிகளின் பட்டியல் ஒன்றை அச்சங்கங்கள் முதலில் தயாரிக்கட்டும். அவர்களும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களே அல்லவா? இலங்கையில் வயது வந்தோரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம். திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மாணவப் பருவத்தில் இவற்றுள் பின்னைய இரண்டும் இல்லை. அவளால் இனி ஆய்வுகூடம் போக முடியாமல் இருக்கலாம். பலருக்கு வயதும் உடலும் கடனும் இடம் கொடா. ஆனால் பாடம் சொல்லித்தரப் போதிய அறிவு அவளிடம் இருக்கிறது. வன்னிப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று நாமே எழுதுகிறோம். கிராமத்து மாலை வகுப்பொன்றுக்கு நியாயமான சம்பளத்தில் அவளை ஆசிரியையாக அமர்த்துவதற்கு ஒரு கோழிக்கூட்டு வைபவத்தின் செலவுக்கு மேல் ஆகாது.

பணம் வேண்டாத காரியமும் உண்டு. அறிமுகப்படுத்தும்போது 'முன்னாள் போராளி' என்று தொடங்காமல் விடலாம். எந்தப் பாடசாலை, எந்தப் பிரிவு, எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்கலாம். பத்திரிகைக்காரரான நாங்களும் தலைப்புகளில் அச்சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். அவள் தானே விரும்பித் தன் போர்க்கால வாழ்வைச் சொன்னால் மரியாதையுடன் கேட்கலாம். அதுவும் அவளுடைய வாழ்வுதான், அதை அழித்துவிட வேண்டியதில்லை. அழிப்பதற்கும் அதிலேயே அவளைப் பூட்டிவைப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

'இன்ஃபேர்னோ' கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். தன் உலகத்துக்குத் திரும்பிய டொக்டர், எரிந்துபோன அந்த உலகத்தைக் கண்டு வந்தவர் என்பதால், துளையிடுவதை நிறுத்துங்கள் என்று பதறுகிறார். இயந்திரங்களை உடைக்கப் பார்க்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். எனினும் துளையிடுதல் நிறுத்தப்படுகிறது. இந்த உலகம் பிழைக்கிறது. இங்கே எலிசபெத் ஷா தன் ஆய்வுகூட அங்கியுடனேயே இருக்கிறார். மற்ற உலகத்தில் தன் வடிவம் எதைக் கொடுத்து இதைக் காப்பாற்றியது என்பது அவருக்கு முழுமையாகத் தெரியாது. அடுத்த ஆண்டுத் தொடரில் அவர் இல்லை. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட்டார் என்று ஒரு வரியில் சொல்லி முடித்தார்கள். பிரியாவிடைக் காட்சிகூட வைக்கவில்லை.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட்டார் என்ற அந்த ஒரு வரியை நான் பொறாமையுடன் கேட்டேன். படையில் சில காலம் இருந்தாள், பிறகு தன் படிப்புக்குத் திரும்பிவிட்டாள். எவ்வளவு சாதாரணமான முடிவு! நம் பிள்ளைகளுள் ஒருத்தியைப் பற்றி அப்படி ஒரு வரி எழுத எனக்கு இந்த முப்பது வருடத் தொழிலில் வாய்க்கவில்லை. எழுதக் காத்திருக்கிறேன்.